மூக்குப்பேணியில் ஓடுகிற கொடியைக் கையால் வெட்டப் பழகலாமா?

அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணியில், அதாவது மூக்கு வைத்த அந்தக் குடிக்கிற பாத்திரத்தில், விளிம்பைச் சுற்றி இலைகளோடு ஒரு கொடி ஓடுகிறது, அதே மாதிரி நானும் உலோகத்தில் வெட்டப் பழகவேண்டும், எந்த மிஷின் வாங்கலாம், எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் "எனக்குப் படம் வரைய வராது" என்று போட்டிருக்கிறீர்கள். மிஷினைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உங்களைக் குடைவது அந்த அடைப்புக்குறிதான் என்று எனக்குப் படுகிறது. படம் வராத ஆள் இந்த வேலைக்குள் வரலாமா? வரலாம். நானே அப்படி வந்தவன்தான். மாட்டை வரையச் சொன்னால் இன்றைக்கும் என் மாடு கதிரை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொடி வேறு விஷயம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை நம்பலாம் எதை விடலாம் என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில் பெரியப்பாவின் பட்டறையில் 14 வயதில் உளி பிடித்தேன். 35 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வெள்ளி, பித்தளை, பொன் மூன்றிலும் வெட்டியிருக்கிறேன். உருக்கில், அதாவது கத்தி, துப்பாக்கி போன்றவற்றில் வெட்டுகிறவர்கள் வேறு ஆக்கள். அவர்களுடைய வேலையை நான் செய்ததில்லை, ஆகவே அதில் வாய் வைக்கப் போவதும் இல்லை.

கேள்வியோடு நீங்கள் போட்ட பேணியின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்புப் பக்கம் இலைகள் பாதி அழிந்துபோய், மூக்கின் அடியில் மட்டும் நேற்று வெட்டியது போல இருக்கின்றன, கவனித்தீர்களா? விளிம்பில் விரல் படும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது அங்கேதான் கூடத் தேயும். மூக்குக்கு அடியில் கை போகாது. அந்த மூலைதான் உங்களுக்கு வாத்தியார். அங்கே ஒரு இலையை மட்டும் எடுத்துப் பாருங்கள். மயிர் மாதிரி மெல்லிதாகத் தொடங்கி, போகப்போக அகன்று, முடிவில் சட்டென்று நிற்கிறது. ஒரு காற்புள்ளியைத் தலைகீழாகப் போட்டதுபோல. அது மூன்று நான்கு கோடுகளால் வரைந்த இலை கிடையாது, உளி ஒரே ஓட்டத்தில் ஒரு தடவை போய் வந்த தடம். அந்தக் கொடி முழுவதும் அந்த ஒரே வெட்டுத்தான், பெரிதும் சின்னதுமாக, இடமும் வலமுமாக. அதனால்தான் படம் வராதவனும் பழகலாம் என்கிறேன். நீங்கள் கற்க வேண்டியது ஒரு எழுத்து, அதை வைத்துத்தான் முழு வசனமும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் கோயில் கவசங்களைக் காட்டி "இதுவும் அதுதானே" என்று கேட்கிறவர்கள் அதிகம். கவசத்தில் தகட்டைப் பின்னாலிருந்து தட்டிப் புடைக்க வைக்கிறார்கள், முன்னாலிருந்து முனை மழுங்கிய உளியால் அமுக்கிக் கோடு எடுக்கிறார்கள். அதில் உலோகம் நகருமே தவிரக் குறையாது. உங்கள் பேணியில் உள்ளதில் உலோகம் சுருளாக வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் உளியும் வேறு, கைப்பழக்கமும் வேறு. கோயில் தூண்களிலும் வாசற்கால்களிலும் கல்லிலும் மரத்திலும் நாங்கள் கொடிக்கருக்கு என்று சொல்வதும் இதே ஓட்டம்தான். இங்கிலாந்தில் 18 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெள்ளிக் கரண்டி, தேநீர்க் கேத்தல் எல்லாவற்றிலும் இந்த அகன்ற, கண்ணாடி மாதிரி மின்னுகிற வெட்டைப் போட்டார்கள், பிரைட் கட் (bright cut) என்று பெயர். அமெரிக்காவில் குதிரைச் சேணத்து வெள்ளிச் சாமான்களிலும் பெல்ட் பூட்டுகளிலும் இன்றைக்கும் அதைப் போடுகிறார்கள். இணையத்தில் பாடம் தேடுவதென்றால் அந்தப் பெயரில் தேடுங்கள், கிடைக்கும்.

மிஷின் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். மூன்று வகையை ஆட்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற, நடுங்கிக்கொண்டு புள்ளி புள்ளியாகக் குத்துகிற கருவி இதற்கு உதவாது. லேசர் ஒரே அகலத்தில் சுட்டுக்கொண்டு போகும், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் சரிவான சுவர் இல்லாததால் மின்னாது. காற்றழுத்தத்தில் உளியைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே போகிற கருவி ஒன்று இருக்கிறது, அது நல்ல சாமான், உருக்கு வெட்டுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். பித்தளைக்கும் வெள்ளிக்கும் அது இல்லாமலே நூற்றுக்கணக்கான வருஷம் வேலை நடந்திருக்கிறது. முதல் வருஷம் அந்தக் காசை வைத்திருங்கள்.

உங்களுக்குத் தேவை ஒரு உளி. கிரேவர் என்று கேட்டு வாங்கலாம், கொழும்பு செட்டியார் தெருவில் நகைப்பட்டறைச் சாமான் விற்கிற கடைகளில் விசாரியுங்கள். முனை வி வடிவில் இருக்கவேண்டும். 90 பாகை முனை ஆழமாக, ஒடுக்கமாக வெட்டும், எழுத்துக்கு நல்லது. 120 பாகை முனை தட்டையாக விரியும், இலை சுலபமாக வரும். இரண்டும் வாங்க வழியில்லை என்றால் 120 ஐ எடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய ஊசி அரத்தைத் தீட்டியும் செய்யலாம், நான் பழகியது அப்படித்தான். ஆனால் அரம் கண்ணாடி மாதிரி, அப்படியே தீட்டினால் முனை பொடிந்துபோகும், முதலில் மேலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெளிர் மஞ்சள் நிறம் ஏறும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். மிஷின் சாணையில் பிடிக்கும்போது முனை நீலமாகிவிட்டால் அந்த இடம் செத்துவிட்டது, தீட்டித் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் முக்கியமான இடம். இந்த வேலையை விட்டுவிட்டு ஓடினவர்களில் பாதிப் பேர் வெட்டத் தெரியாமல் ஓடவில்லை, தீட்டத் தெரியாமல் ஓடினார்கள். உளியின் முன் முகத்தை ஏறக்குறைய 45 பாகையில் தீட்டவேண்டும். பிறகு அடிப்பக்கத்தில், முனைக்குக் கீழே, இரண்டு பக்கமும் 15 பாகையில் மிகச் சின்னதாக ஒரு குதி, அதாவது ஒரு குட்டிச் சரிவு முகம், வைக்கவேண்டும். குதி இல்லாவிட்டால் உளி தகட்டுக்குள் தோண்டிக்கொண்டு இறங்கும், கைப்பிடியும் தகட்டில் இடிக்கும். குதி முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மேலே ஓடவிடுகிறது. அந்தக் குதியின் நீளம் அரை மில்லிமீற்றருக்கு உள்ளே இருக்கட்டும். நீண்டுவிட்டால் நேர்கோட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் வளைவு வந்தவுடன் குதியின் பின்பகுதி வளைவின் வெளிக்கரையில் உரசிக்கொண்டு வரும், அங்கே பிசிறு எழும்பும். "என் நேர்கோடு நன்றாக இருக்கிறது, வளைவு மட்டும் கிழிகிறது" என்று ஒரு பிள்ளை வந்தால் நான் அவரின் கையைப் பார்க்கவே மாட்டேன், உளியை வாங்கிக் குதியைத்தான் பார்ப்பேன்.

பேந்து மெருகு. குதியும் முகமும் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும், ஏனென்றால் அந்த மெருகுதான் வெட்டின் சுவரில் அப்படியே பதிகிறது. முதலில் 600 ஆம் இலக்க வைரத்தூள் பதித்த தகடு, பிறகு அதைவிட நுண்ணிய 1200 ஆம் இலக்கத் தகடு, கடைசியில் மிக நுண்ணிய வைரப் பசை தடவிய செராமிக் தட்டு, இந்த ஒழுங்கு. வைரத் தகடு இல்லாத காலத்தில் பெரியப்பா எண்ணெய்க் கல்லில் தீட்டி, ஒரு தோல் துண்டில் இழுத்து முடிப்பார், அதுவும் மின்னியது. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க முனையைப் பெருவிரல் நகத்தில் பாரம் கொடுக்காமல் வையுங்கள். வழுக்கினால் கூர் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றால் சரி. வெட்டும்போது நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நகத்தில் வைத்துப் பார்ப்பேன், அது யோசிக்காமலே நடக்கும்.

கைப்பிடியை உள்ளங்கைக் குழியில் பதித்து, உளியின் முனை பெருவிரல் நுனிக்கு அப்பால் 2 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளமாக இருந்தால் உளியை வெட்டிக் குட்டையாக்குங்கள். பெருவிரல் தகட்டில் ஊன்றியிருக்கும், அதுதான் பிரேக். தள்ளுகிற பலம் உள்ளங்கையிலிருந்து வரும், தோளிலிருந்து வந்தால் நடுக்கமும் சேர்ந்து வரும். வளைவு எப்படி வருகிறது என்பதற்கு எங்கள் ஊரில் விளக்கம் சுலபம். ஏடு எழுதியவர்கள் எழுத்தாணியை இடது பெருவிரலில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓலையைத்தான் நகர்த்தினார்கள். இதுவும் அதேதான். வலது கை உளியை ஒரே கோணத்தில் பிடித்து மெதுவாகத் தள்ளும், இடது கை தகட்டை உளிக்கு எதிராகத் திருப்பிக் கொடுக்கும். வளைவு இடது கையில் இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் வலது மணிக்கட்டை வளைத்து வளைவு எடுக்கப் பார்ப்பார்கள், அப்போது கோடு பலகோணமாக, உடைந்து உடைந்து வரும்.

தகடு சுலபமாகத் திரும்பவேண்டுமானால் அதைத் தாங்குகிற பொருளும் திரும்பவேண்டும். உருண்டை வடிவக் கிடுக்கி விலைக்கு இருக்கிறது, நல்லது, கட்டாயம் கிடையாது. ஒரு பலகைத் துண்டில் அரக்கை உருக்கி ஊற்றி, அது இளகியிருக்கும்போது தகட்டைப் பதித்து, பலகையை மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்தால் போதும். எங்கள் அரக்கில் செங்கல் தூளும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ப்போம், தனி அரக்கு வெடித்துத் தகட்டை விட்டுவிடும். எண்ணெய் எவ்வளவு என்பதில் பட்டறைக்குப் பட்டறை ஒரு கணக்கு, எங்கள் மாசி மாத அளவும் சித்திரை வெயில் அளவும்கூட ஒன்றாக இராது. ஆகவே கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்துத்தான் நீங்கள் பிடிக்கவேண்டும்.

இலைக்கு வருவோம். உளியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மெல்லிய கோடாகத் தொடங்குங்கள். தள்ளிக்கொண்டே மணிக்கட்டை மெதுவாக ஒரு பக்கம் சரியுங்கள். எந்தப் பக்கம் சரிக்கிறீர்களோ அந்தச் சுவர் அகலமாகும், தட்டையாகும், வெளிச்சத்தைப் பிடிக்கும். ஆழத்தைக் கூட்ட முயலவேண்டாம், அகலம் சரிவால் வரவேண்டும், பாரத்தால் வரக்கூடாது. இலையின் தலையில் வந்து நின்றதும் சுருள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் இலையின் தலை கிழியும். எதிர்ப்பக்கமிருந்து மயிரளவு ஒரு வெட்டுக் கொடுத்தால் தானாக விழுந்துவிடும். இதை ஒரு தகட்டில் வரிசை வரிசையாக, இடப்பக்கம் வளைந்த இலை நூறு, வலப்பக்கம் வளைந்தது நூறு என்று போடுங்கள். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் சீக்கிரம் வரும், மறுபக்கம் அடம்பிடிக்கும். என்னிடம் பழகிய மூன்று பேருக்கும் அப்படித்தான் இருந்தது.

கொடியின் முதுகெலும்பு சுருள். அதைக் கடதாசியில் பென்சிலால் போட்டுப் பழகுங்கள், அதற்கு ஓவியத் திறமை வேண்டாம், பொறுமை வேண்டும். சுருள் உள்ளே போகப்போக இடைவெளி சீராகக் குறையவேண்டும், எந்த இடத்திலும் தட்டையாகிவிடக் கூடாது. கடதாசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் தட்டையான இடம் உடனே கண்ணில் குத்தும். கிளைகள் தண்டோடு சேர்ந்து ஓடி மெல்லப் பிரியவேண்டும், ஆணி அடித்ததுபோல் குறுக்கே நிற்கக்கூடாது. சந்தேகம் வந்தால் வேலியில் படர்ந்திருக்கிற ஏதாவது கொடியைப் போய்ப் பாருங்கள், அது ஒருநாளும் பிழை விடாது. தகட்டில் வெள்ளை வாட்டர்கலரை மெல்லிதாகத் தட்டிக் காயவைத்து, அதன்மேல் பென்சிலால் வரைந்து, கூரான ஊசியால் இலேசாகக் கீறிக்கொள்ளுங்கள். கீற வேண்டியது தண்டை மட்டும். இலைகளைக் கீறாதீர்கள், கீறினால் கை அந்தக் கீறலைத் துரத்தத் தொடங்கிவிடும், ஓட்டம் போய்விடும்.

எந்தத் தகட்டில் பழகுவது என்றால் 1 மில்லிமீற்றர் பித்தளை. செம்பு மென்மை என்று பலர் சொல்லுவார்கள், மென்மைதான், ஆனால் உளியோடு இழுபட்டுக்கொண்டு வரும், அலுமினியம் இன்னும் மோசம். வீட்டில் கிடக்கிற சில்வர் தட்டில் மட்டும் தயவுசெய்து கை வைக்கவேண்டாம். எவர்சில்வர் வெட்ட வெட்ட இறுகும், முனை நாலு இலைக்கு நிற்காது, பிழை உங்களுடையது என்று நினைத்து மனம் விட்டுப்போவீர்கள். வெள்ளிதான் இந்த வேலைக்கென்றே படைத்த உலோகம், ஆனால் அதை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள். வெட்டி முடித்த பிறகு எந்த உலோகமானாலும் மெருகுச் சக்கரத்தில் பிடிக்காதீர்கள், ஓரங்கள் உருண்டு மின்னல் செத்துவிடும். மெருகெல்லாம் வெட்டுக்கு முன்னால்.

உளி வழுக்கும். வழுக்காதவர் ஒருவரும் இல்லை. இடது கை விரல் எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்கட்டும், என் இடது பெருவிரலில் மூன்று தழும்பு இருக்கிறது, மூன்றும் கூரில்லாத உளியால் வந்தவை. தகட்டில் வழுக்கினால் மெல்லிய கீறலை மழுங்கிய உருக்கு முனையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம், ஆழமானதை அப்படி மூட முடியாது. 20 வயதில் ஒரு கலியாண வீட்டுக்காரரின் வெள்ளிக் குங்குமச் சிமிழில், கடைசி இலைக்கு வந்தபோது, குறுக்கே ஒரு கீறு இழுத்துவிட்டேன். பெரியப்பா ஏசவில்லை. சிமிழை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீறலின் மேலேயே ஒரு இலை போட்டார். அது தனியே நின்றதால் மற்றப் பக்கத்திலும் ஒன்று போட்டார். கொண்டுபோனவர்கள் அந்த இரண்டு இலையும்தான் வடிவு என்றார்களாம்.

காலக் கணக்கு கேட்டீர்கள். என்னையும் என்னிடம் பழகியவர்களையும் வைத்துச் சொல்கிறேன், சட்டமாக எடுக்கவேண்டாம். தினமும் ஒரு மணித்தியாலம் இருந்தால் முதல் மாதம் தீட்டுவதிலும் நேர்கோட்டிலும் போகும். மூன்றாம் மாதம் அளவில் இலை இலையாகத் தெரியும். ஆறு மாதத்தில் உள்ளங்கை அளவு தகட்டில் ஒரு கொடியை வெட்டி வெட்கப்படாமல் காட்டலாம். கிழமைக்கு ஒரு நாள் ஏழு மணித்தியாலம் இருப்பது இதற்கு ஈடாகாது, கை மறந்துவிடும். சாய்வாக வருகிற யன்னல் வெளிச்சம் நல்லது, தலைக்கு மேலே நேராக எரிகிற லைற் கண்ணைப் பறிக்கும், அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைத் தொங்கவிடுங்கள். நாற்பது தாண்டியவர் என்றால் தலையில் மாட்டுகிற 2.5 மடங்குக் கண்ணாடி ஒன்று வாங்குவது வீண்செலவு இல்லை.

கடைசியாக, கேட்காத ஒன்று. அழிந்துபோன இலைகளை மறுபடி வெட்டி எழுப்பலாம் என்று அந்தப் பேணியிலேயே கை வைத்துவிடாதீர்கள். இத்தனை காலம் தேய்ந்து அதன் சுவர் மெலிந்திருக்கும். ஒரு மெல்லிய தாளை மூக்கின் அடியில் வைத்துப் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து உரசுங்கள், கொடி அப்படியே தாளுக்கு வரும், அதை வைத்துப் பழகுங்கள். என்றைக்காவது புதுப்பேணி ஒன்று வாங்கி வெட்டத் துணிந்தால் அதன் வயிற்றுக்குள் அரக்கை நிரப்பி இறுகவிட்டுத்தான் தொடங்கவேண்டும், வெறும் பேணி உளி பட்டதும் மணி மாதிரி அதிரும், கோடு நடுங்கும். முடிந்ததும் இலேசாகச் சூடாக்கினால் அரக்கு இளகி வந்துவிடும். அதை மட்டும் குசினியில் செய்யாதீர்கள், மணம் மூன்று நாளைக்குப் போகாது, என் வீட்டில் அதற்கு இன்றைக்கும் பேச்சு விழுகிறது.